கூண்டுப் பக்கம் மருந்து வேண்டாம் என்றேன்

போன மாதம் கவிதா என் வீட்டுக்கு ஒரு பாட்டிலைக் கொண்டுவந்தாள். கிள்ளானில் நான் வேலை பார்த்த பூச்சி மருந்து கம்பெனியில் இப்போது என் இடத்தில் இருக்கிற பெண் அவள். பாட்டில் பச்சை நிறம். மேலே ஒரு நாய், ஒரு பூனை, ஒரு கிளி சிரித்துக்கொண்டிருந்தன. கீழே என்னமோ மூன்று மொழியில் எழுதியிருந்தது. தமிழ் இல்லை. கவிதாதான் படித்துச் சொன்னாள்.

“இயற்கையானது, வீட்டுல வளர்க்கிற எதுக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு போட்டிருக்கு ஆன்டி. தெள்ளுப்பூச்சிக்கு இனிமே இதைத்தான் அடிக்கணுமாம். குருவி இருந்தாலும் பரவாயில்லையாம். கூண்டைக்கூட நகத்த வேணாமாம்.”

“யாரு சொன்னா?”

“பாட்டில்ல போட்டிருக்கு லா.”

மூடியைத் திறந்து முகர்ந்தேன். எலுமிச்சம்புல் எண்ணெய் வாசனை குப்பென்று வந்தது. இறுக்கி மூடி அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

“ஏன் ஆன்டி, நல்லா இல்லியா?”

எனக்கு வாயால் எதையும் கோர்வையாகச் சொல்ல வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நாலு பேர் இருந்தால் சொல்ல வேண்டியதில் பாதி தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால் எழுதித் தருகிறேன் என்று அவளிடம் சொன்னேன். ஆறாம் வகுப்புவரை தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவள் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது என்று மட்டும் பார்த்து எழுதுகிறேன்.

கேரி தீவில் செம்பனைத் தோட்டத்தில் புல்லுக்கு மருந்து அடித்ததுதான் என் முதல் வேலை. முதுகில் தொட்டி, கையில் குழாய். வயது பதினேழு. “இது புல்லுக்குத்தான் மருந்து, மனுசாளுக்கு ஒண்ணும் பண்ணாது” என்று எங்களை வேலை வாங்குகிற மண்டோர் சொன்னார். நம்பினேன். இரண்டு வருடத்தில் என் வலது கைப் பெருவிரல் நகம் கழன்று விழுந்தது. மறுபடி வளர்ந்தது, ஆனால் கோணலாகத்தான் வளர்ந்தது. அதற்குப் பிறகு யாராவது “ஒண்ணும் பண்ணாது” என்று சொன்னால் எனக்கு அவர்கள் முகத்தைப் பார்க்கத் தோன்றாது. கையைத்தான் பார்ப்பேன். மருந்தைத் தொடுகிற கையா, சும்மா காட்டுகிற கையா என்று.

கல்யாணமாகி கிள்ளானுக்கு வந்தபோது எனக்குத் தெரிந்த ஒரே தொழில் முதுகில் தொட்டி சுமப்பது. பூச்சி மருந்து கம்பெனியில் ஆள் கேட்டார்கள், போனேன். வீட்டுக்குள் போய் வேலை செய்ய ஒரு பொம்பளை இருந்தால் வாடிக்கையாளர் பயப்படாமல் கதவைத் திறப்பார்கள் என்று முதலாளி நினைத்திருக்கிறார். இருபத்தெட்டு வருடம் அங்கேயே இருந்தேன். கரையான், கரப்பான், எலி, மூட்டைப்பூச்சி எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஆனால் என்னை மிகவும் அலைக்கழித்தது தெள்ளுப்பூச்சிதான்.

அதற்குக் காரணம் அதன் பெயர். நம் ஆட்கள் போன் பண்ணினால் தெள்ளு என்று சொல்லமாட்டார்கள். ‘கூத்து’ என்பார்கள். மலாய்ச் சொல். தலைப் பேனும் கூத்துதான், நாய் உண்ணியும் கூத்துதான், பூனைத் தெள்ளும் கூத்துதான், குருவிக் கூண்டில் ஊர்கிற செவ்வுண்ணியும் கூத்துதான். ஆபீசில் போன் எடுக்கிற பெண் “வீட்டில் கூத்து” என்று சீட்டில் எழுதிக் கொடுப்பாள். வேன் ஓட்டுகிற பையன்கள், “என்னக்கா, இன்னிக்கு எந்த வீட்டுல கூத்து? ராத்திரி முழுக்க நடக்குமா?” என்று கிண்டல் பண்ணுவார்கள். சிரிக்கலாம். ஆனால் உண்ணிக்குச் செய்கிற வேலை வேறு, தெள்ளுக்குச் செய்கிற வேலை வேறு. சீட்டை நம்பிப் போனால் அவ்வளவுதான்.

சீட்டை நம்பாதே என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஆரோக்கியம் சார். எங்கள் சூப்பர்வைசர். ரயில்வே குடும்பம், ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்குப் போகிறவர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அவரைப் போல சந்தேகப்படுகிற மனுசரையும் பார்த்ததில்லை. மருந்து பாட்டிலைக் கொடுக்கும்போது, உள்ளே எவ்வளவு இருக்கிறதோ அந்த இடத்தில் வெளியே பென்சிலால் ஒரு கோடு போடுவார். சாயங்காலம் திருப்பிக் கொடுத்தால் இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவே விரலை வைத்துப் பார்த்துவிட்டு, “எத்தனை ரூம் அடிச்சே லெட்சுமி?” என்பார். சொன்னால் தலையாட்டுவார். கொஞ்ச நேரம் வேறு பேசிவிட்டு, “ரூம் பெருசா, சின்னதா?” என்பார். நாம் கிளம்பும்போது, “மொத்தம் எத்தனை ரூம்னு சொன்னே?” என்பார். மூன்று தரமும் ஒரே பதில் வந்தால்தான் பாட்டில் அலமாரிக்குள் போகும்.

வாடிக்கையாளர் வீட்டிலும் அதே கதைதான். கதவு திறந்ததும் தொட்டியை இறக்க விடமாட்டார். ஐந்து நிமிடம் வாசலிலேயே நிற்க வேண்டும்.

“முதல்ல காது. அப்புறம் மூக்கு. கடைசியிலதான் கை.”

காது எதற்கு என்று எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு ரவாங்கில் ஒரு தாமான் குடியிருப்பு வீட்டில் புரிந்தது. வீட்டுக்காரரிடம் நான்தான் கேட்டேன், பறவை ஏதாவது வளர்க்கிறீர்களா என்று. இல்லவே இல்லை என்றார். அப்படியே பாரத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டார். வாசலில் நின்றோம். பின்பக்கத்திலிருந்து ‘குர்ர் குர்ர்’ என்று சத்தம் வந்தது. போய்ப் பார்த்தால், சமையல்கட்டுக்குப் பின்னால் முப்பது நாற்பது புறா.

“பறவை இல்லைன்னீங்களே!”

“இது பறவையா? புறா லா சிஸ்டர். பந்தயத்துக்கு வச்சிருக்கேன்.”

ஆரோக்கியம் சார் வெளியே வந்து சொன்னார்: “அவரு பொய் சொல்லல. நீ கேட்ட வார்த்தைக்குப் பதில் சொன்னாரு. அவ்வளவுதான்.” அன்றைக்கு அதைக் கேட்டுச் சிரித்தேன். மனதில் ஆழமாகப் போகவில்லை. போயிருந்தால் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் நடந்தது நடந்திருக்காது.

அந்த வீட்டைப் பற்றித்தான் கவிதாவுக்குச் சொல்ல நினைத்தேன்.

பிரிக்பீல்ட்ஸில் பழைய அடுக்குமாடி. மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. வீட்டில் மூன்று பேர். சரோஜா, அவள் புருஷன் குமார், சரோஜாவின் அப்பா. பெரியவர் ரயில்வேயில் பிட்டராக இருந்தவர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. ஹாலில் ஜன்னலோரம் நாற்காலி, அதற்குப் பக்கத்தில் கூண்டு. நாலு லவ் பேர்ட்ஸ், மஞ்சள் கொண்டையோடு ஒரு காக்கடீல். பேச முடியாதவர் விசில் மட்டும் அடிப்பார். காக்கடீல் திருப்பி அடிக்கும். காலையிலிருந்து சாயங்காலம்வரை அந்த வீட்டில் அவரோடு பேசுகிற ஒரே ஜீவன் அதுதான் என்று சரோஜாவே சொன்னாள்.

சாரும் நானும் போனோம். சீட்டில் ‘குருவிக் கூத்து’ என்று எழுதியிருந்தது.

“குருவிங்களாலதான்க்கா,” என்றார் குமார், பேண்ட் காலைத் தூக்கிக் காட்டி. கணுக்கால் முழுக்கச் சிவப்புச் சிவப்பாகக் கடித்த தடம். “ரெண்டு வாரமா தூங்க முடியல. நான் தெளிவா சொல்லிட்டேன். இந்த மாசத்துக்குள்ள கூத்து போவணும். இல்லைன்னா குருவிங்க போவணும். யாருக்காச்சும் குடுத்துடுவேன்.”

இதைப் பெரியவர் காதில் விழும்படிதான் சொன்னார். பெரியவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை மட்டும் கூண்டுக் கம்பியைப் பிடித்திருந்தது.

எனக்குக் குமாரை அந்த நிமிஷமே பிடிக்காமல் போனது. அதை இப்போது மறைக்கவில்லை.

நான் வெள்ளைக் காலுறையை முழங்கால்வரை இழுத்துப் போட்டுக்கொண்டேன். இது தெள்ளு பார்க்கிற வழி. வெள்ளையில் கறுப்புப் புள்ளி குதித்து ஏறினால் உடனே தெரியும். கூண்டைச் சுற்றி நடந்தேன். ஒன்றும் இல்லை. கூண்டின் மூலை, கம்பி இடுக்கு, குச்சி முனை எல்லாம் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். செவ்வுண்ணி இருந்தால் துணியில் சிவப்பாகத் தேயும். துணி சுத்தமாக இருந்தது. அறைகளில் நடந்தேன். ஒன்றிரண்டு தெள்ளு ஏறியது. பிறகு டிவி எதிரே இருந்த சோபாவுக்கு முன்னால் போய் நின்றேன். பத்து எண்ணுவதற்குள் காலுறையில் எள் தூவியது போல ஆகிவிட்டது.

“இந்த சோபா எப்ப வாங்கினீங்க?”

“வாங்கலக்கா. கீழ் வீட்டுக்காரங்க காலி பண்ணிப் போயி ரொம்ப நாள் வீடு பூட்டிக் கிடந்துச்சு, அப்புறம் வேணும்னா எடுத்துக்கோன்னாங்க. இவருதான் தூக்கிட்டு வந்தாரு,” என்றாள் சரோஜா.

“அவங்க பூனை வளர்த்தாங்களா?”

சரோஜா புருஷனைப் பார்த்தாள். குமார் கூரையைப் பார்த்தார்.

“மூணு பூனை,” என்றாள் சரோஜா.

ஆரோக்கியம் சார் சோபா மெத்தையைத் தூக்கி மடிப்பில் விரலை விட்டு எடுத்தார். பூனை முடி. மிளகுத்தூள் மாதிரி தெள்ளின் எச்சம். அந்தக் கீழ் வீடு பூட்டியிருந்த மாதங்களில் தெள்ளு தன்னைச் சுற்றிக் கட்டிக்கொண்ட சின்னக் கூட்டுக்குள் பேசாமல் படுத்திருக்கும். ஆள் உட்கார்ந்து சூடும் அசைவும் பட்டதும் எழுந்து வரும். குருவிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சார் இதைச் சொன்னபோது பெரியவர் விசிலடித்தார். குமாருக்கு முகம் கறுத்துவிட்டது.

“அப்ப நான்தான் கூத்தைக் கொண்டு வந்தேன்னு சொல்றீங்க.”

சார் மெத்தையைப் பழையபடி வைத்தார்.

வேலை புதன்கிழமை. கவிதா, இதைக் கவனமாகப் படி. முதலில் கூண்டு வெளியே போக வேண்டும். துணி போட்டு மூடி மூலையில் வைப்பது போதாது. குருவிக்கு நம்மைப் போல மூச்சு இல்லை. நமக்குத் தும்மல் வருகிற அளவு அதற்கு உயிர் போகிற அளவு. இரண்டு மாடி கீழே சரோஜாவின் சிநேகிதி வீட்டில் கூண்டை வைத்தோம். தீனியும் தண்ணீரும் புதிதாக வைத்தோம். சோபாவைப் பிளாஸ்டிக்கால் முழுக்கச் சுற்றி இறக்கினோம், படிக்கட்டில் தெள்ளு கொட்டாமல் இருக்க. தலையணை உறை, போர்வை, கால்மிதி எல்லாம் கொதிக்கக் கொதிக்கத் துவைத்தோம். தரை இடுக்கு, சுவரோரம், கட்டிலுக்குக் கீழே எல்லாம் தூசி உறிஞ்சுகிற வேக்குவம் போட்டு, பையை உடனே கட்டி வெளியே குப்பைக்கு அனுப்பினோம். கடைசியில்தான் மருந்து. அதுவும் முட்டையும் புழுவும் வளராமல் தடுக்கிற மருந்து மட்டும். சோபா இருந்த இடத்திலும் படுக்கையறைச் சுவரோரத்திலும் தரையை ஒட்டி, புகையாகப் பறக்காமல் மெல்ல அடித்தேன். கூண்டு இருந்த ஜன்னல் பக்கம் ஒரு சொட்டு இல்லை. ஜன்னலெல்லாம் திறந்து காற்றாட வைத்து, மறுநாள் மத்தியானம்தான் கூண்டு மேலே வந்தது.

கிளம்பும்போது சரோஜா கேட்டாள். “இனிமே வராதுல்லக்கா?”

“ரெண்டு மூணு வாரம் வரும். கூட்டுக்குள்ள இருக்கிறது கொஞ்சம் கொஞ்சமா வெளிய வரும். தினமும் வேக்குவம் போடுங்க.”

“குருவிக்கு ஒண்ணும் ஆகாதே?”

“கூண்டுப் பக்கம் மருந்து வேணாம். மருந்து வாசனையே படக்கூடாது.”

இவ்வளவுதான் சொன்னேன். குமார் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். எனக்கு அதற்கு மேல் பேச வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

சனிக்கிழமை காலை ஆபீசுக்குப் போன் வந்தது. ஒரு பச்சை லவ் பேர்ட் செத்துக் கிடக்கிறது, மற்றது எல்லாம் மூச்சு வாங்குகிறது, உங்கள் ஆள் அடித்த மருந்துதான் காரணம் என்று சரோஜா அழுதுகொண்டே கத்தியிருக்கிறாள்.

ஆரோக்கியம் சார் என்னைத் திட்டவில்லை. “உன் தொட்டியக் கொண்டா,” என்றார். தொட்டியின் வாயை முகர்ந்தார். குழாயை முகர்ந்தார். என் கையுறையைத் திருப்பி உள்பக்கத்தை முகர்ந்தார். பாட்டிலை எடுத்துப் பென்சில் கோடுகளைப் பார்த்தார்.

“எத்தனை ரூம் அடிச்சே?”

“ரெண்டு ரூம் சார். ஹால்ல சோபா இருந்த இடம், படுக்கையறைச் சுவரோரம்.”

வேனில் போகும்போது, “ஜன்னல் பக்கம்?” என்றார்.

“அடிக்கல சார்.”

பிரிக்பீல்ட்ஸ் வந்து வேனை நிறுத்தும்போது, “எத்தனை ரூம்னு சொன்னே?”

“ரெண்டு சார்.” எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவருக்கு என் மேல் சந்தேகம். எனக்குக் குமார் மேல் சந்தேகம். வழியெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். சோபா விஷயத்தில் அவமானப்பட்டவர். குருவி போனால் சந்தோஷப்படுகிற ஒரே ஆள். வேறு யார் செய்வார்கள்?

மாடி ஏறினோம். கூண்டு வீட்டுக்குள் இல்லை. வெளியே நடைபாதைக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே நாலு பறவையும் உப்பிப்போய் உட்கார்ந்திருந்தன. வாய் திறந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடியது. வாசலில் செருப்பு வைக்கிற தட்டின்மேல் ஒரு கொசு மருந்து டின்.

கூண்டை வெளியே தள்ளிவிட்டான், டின் வேறு இருக்கிறது. என் மனதில் கணக்கு முடிந்துவிட்டது. வாழ்க்கையில் நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் அன்றைக்குத் திறந்தேன்.

“சார், இவருதான் அடிச்சிருக்காரு. குருவியத் தொலைக்கணும்னு அன்னிக்கே சொன்னாரு. அந்த டின்னப் பாருங்க.”

குமார் என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கோபப்படவில்லை. கண் சிவந்து, தூங்காத முகமாக இருந்தது.

ஆரோக்கியம் சார் டின்னை எடுத்துக் கையில் ஆட்டிப் பார்த்தார். மூடியைச் சுற்றி இருந்த பிளாஸ்டிக் கிழியவே இல்லை. புது டின்.

“கூண்ட வெளிய வச்சது யாரு?”

“நான்தான் சார்,” என்றார் குமார். “விடியக்காலைல மாமா என் கையப் புடிச்சு இழுத்தாரு. வந்து பார்த்தா பச்சைக் குருவி கீழ கிடக்குது. மத்ததெல்லாம் வாயப் பொளந்துக்கிட்டு இருக்குது. காத்து வேணும்னு தோணுச்சு. தூக்கிட்டு வந்து இங்க மாட்டினேன். அப்பலேர்ந்து இங்கதான் நிக்கிறேன். உள்ள போனா மாமா அழறாரு. என்னால பார்க்க முடியல.”

எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. அதுவே எனக்குப் போதுமான தண்டனையாக இருந்தது.

சார் வாசலில் நின்றார். காது. மூக்கு. திரைச்சீலையை இழுத்து முகத்தில் வைத்து முகர்ந்தார். என்னைக் கூப்பிட்டு என் முகத்திலும் வைத்தார். எலுமிச்சம்புல். அதற்குக் கீழே கனமாக இன்னொரு வாசனை.

“நேத்து வெள்ளிக்கிழமை இல்ல?” என்றார் சரோஜாவிடம். “சாம்பிராணி போட்டீங்களாம்மா?”

“வெள்ளிக்கிழமை போடாம இருப்பாங்களா சார்?”

“ஜன்னல் திறந்திருந்துச்சா?”

“சாயங்காலம் நல்ல மழை. எல்லாம் சாத்தியிருந்துச்சு. இன்னும் ஒண்ணு ரெண்டு கூத்து கடிக்குது, இவங்க அடிச்ச மருந்து வாடையும் போவலயேன்னு, நெருப்புல கொஞ்சம் எலுமிச்சம்புல் எண்ணெயும் விட்டேன். பாசார் சந்தையில பாட்டில்ல விக்கிறாங்களே, அதுதான். குருவிங்களுக்கும் காட்டினேன். சாமிக்குப் போடுற புகை, அதுங்களுக்கும் நல்லதுதானேன்னு.”

“கூண்டுக்கிட்டயா?”

“ஆமா சார்.” அவள் என் பக்கம் திரும்பினாள். “அக்காதானே சொன்னாங்க, மருந்து வேணாம்னு! அதனாலதான் இவரு வாங்கிட்டு வந்த டின்னக்கூட நான் தொட விடல. வெளியவே வைங்கன்னுட்டேன். மருந்து வாசனையே படாம, எண்ணெயும் சாம்பிராணியும் மட்டும்தானே போட்டேன். அது மருந்தா?”

அவள் கேட்டது எனக்குத்தான்.

நமக்குக் காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, பூச்சிக்கு அடிப்பதும் மருந்து. நான் சொன்ன மருந்து என் தொட்டிக்குள் இருக்கிறது மட்டும் இல்லை. மூச்சைப் பிடிக்கிற எல்லாமும்தான். ஆனால் என் மனதில் இருந்தது என் வாயில் வரவில்லை. அவள் அந்த ஒரு வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டு, சொன்னபடியே நடந்திருக்கிறாள். நன்றாகக் கேட்டு நடந்த ஆளின் கையால் குருவி செத்தது.

பேசிக்கொண்டு நிற்க நேரமில்லை. குமார் கூண்டை மடியில் வைத்துக்கொண்டு வேனில் ஏறினார். கண்ணாடியெல்லாம் இறக்கிவிட்டு மிருக டாக்டரிடம் போனோம். டாக்டர் பெண். பறவைகளை ஆக்சிஜன் பெட்டிக்குள் வைத்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சாத்திய வீட்டில் இவ்வளவு புகையும் எண்ணெயும் போதும், இவ்வளவு சின்ன உடம்பு தாங்காது என்றார். என் மருந்தைப் பற்றியும் கேட்டார். பேரைச் சொன்னேன், அடித்த இடத்தைச் சொன்னேன். “அது காரணமா இருக்காதுன்னு நினைக்கிறேன். ஆனா முழு நிச்சயமா சொல்ல முடியாது,” என்றார். அந்தக் கடைசி வாக்கியம் இன்றுவரை என் காதில் இருக்கிறது. நான் சுத்தமானவள் என்று எனக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் இன்னொரு லவ் பேர்ட் போய்விட்டது. மற்ற இரண்டும் காக்கடீலும் பிழைத்தன.

ஆபீசில் புகார் பாரம் இருந்தது. மலாயில் அச்சடித்தது. ‘காரணம்’ என்ற இடத்தில் சார் பென்சிலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“வீட்டுக்காரங்க புகை போட்டாங்கன்னு எழுதிட்டா உன் மேல ஒண்ணும் வராது. எழுதட்டுமா?”

“அவங்க நான் சொன்னத கேட்டுத்தானே சார் செஞ்சாங்க.”

“அப்படி எழுதினா உன்னை வீட்டு வேலைலேர்ந்து எடுத்துருவாங்க. தெரியுமா?”

“தெரியும் சார்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு.” கொஞ்ச நேரம் மற்ற பேப்பரைப் புரட்டினார். பிறகு மறுபடி கேட்டார். நான் கிளம்பும்போது மூன்றாவது தரமும் கேட்டார். மூன்று தரமும் ஒரே பதில்தான் சொன்னேன். அதன் பிறகுதான் எழுதினார். என்ன எழுதினார் என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை. மறுவாரத்திலிருந்து என்னைச் செலாயாங் மொத்தச் சந்தைக்கு எலிப்பெட்டி வைக்க அனுப்பினார்கள். ஏழு மாதம். மீன் நாற்றத்திலும் அழுகின முட்டைக்கோஸிலும் காலம் போனது. வீட்டு வேலைக்குத் திரும்பியபோது, வீட்டுக்காரர் கையெழுத்துப் போடுகிற பாரத்தில் புதிதாக ஒரு வரி இருந்தது. பறவை உண்டா, இல்லையா என்று இல்லை. வீட்டில் சிறகு உள்ளது எது, புகைகிறது எது, வாசனை உள்ளது எது என்று கேட்டு எழுத வேண்டும். சார்தான் சேர்த்திருந்தார்.

கவிதா, அந்த வரியை நீ வாயால் கேட்காதே. கேட்டால் அவர்கள் வார்த்தைக்குத்தான் பதில் சொல்வார்கள். சாமி அறையைப் போய்ப் பார். ஊதுபத்தி, கொசுவத்தி, அந்துருண்டை, தரை துடைக்கிற தண்ணீர், தைலம், எலுமிச்சம்புல் எண்ணெய், எல்லாவற்றையும் கையில் எடுத்துக் காட்டி, இது வேண்டாம், இது வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல். உன் பாட்டிலையும் அந்த வரிசையில் வை. அதில் கிளி படம் போட்டவர் கிளியைக் கேட்டா போட்டார்? பறவை டாக்டரிடம் காட்டாமல் மூடியைத் திறக்காதே. நான் எழுதினதையும் ஒரு தரம் அவரிடம் கேட்டுக்கொள்.

செலாயாங்குக்கு மாற்றின பிறகும் நான் ஒரே ஒரு தரம் பிரிக்பீல்ட்ஸ் போனேன். மூன்றாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை. கம்பெனி அனுப்பவில்லை. கொமியூட்டர் ரயிலில் நானாகப் போனேன். தெள்ளு போயிற்றா என்று பார்க்காவிட்டால் மாத முடிவில் மீதிக் குருவியும் போய்விடுமே.

குமார்தான் கதவைத் திறந்தார்.

“வாங்கக்கா. இன்னிக்கு யாரப் புடிச்சுக் குடுக்கப் போறீங்க?”

“மன்னிச்சிருங்க தம்பி. அன்னிக்கு நான் பேசினது தப்பு.”

“விடுங்க லா. நானும் தப்பா குருவிங்களத்தானே சொல்லிக்கிட்டு இருந்தேன்.”

சரோஜா காபி போடப் போனாள். தினமும் இரண்டு வேளை வேக்குவம் போடுகிறாளாம். வெள்ளிக்கிழமை சாம்பிராணியைக் கீழே மாடிப்படிக்கு அப்பால் போய்ப் போட்டுவிட்டு வருகிறாளாம். நான் காலுறையை இழுத்துப் போட்டுக்கொண்டு நடந்தேன். படுக்கையறை, சமையல்கட்டு, சோபா இருந்த இடம். ஒவ்வொரு இடத்திலும் பத்துவரை எண்ணினேன். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. குமார் குனிந்து என் காலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“ஒண்ணுமே இல்லக்கா.”

“இல்ல தம்பி.”

“அப்ப குருவிங்க இருக்கட்டும்,” என்றார், மாமனார் காதில் விழும்படி.

ஜன்னல் பக்கம் மட்டும் பாக்கி. அங்கே போகத் திரும்பினேன். பெரியவர் என்னைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை இடது கையால் எடுத்தார். ஒரு கையால் விரிக்க முடியாமல் இரண்டு தரம் நழுவியது. சரோஜா ஓடிவந்து, “அப்பா, அக்கா பார்க்கத்தான் வந்திருக்காங்க,” என்றாள். அவர் கேட்கவில்லை. மூன்றாவது தரம் துண்டைக் கூண்டின்மேல் போட்டு, நுனியை இழுத்து மூடி, நாற்காலியை நகர்த்தி எனக்கும் கூண்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டார்.

சரோஜாவுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. எனக்கு இல்லை. நான் அந்தப் பக்கம் போகவே இல்லை. வாசலிலேயே உட்கார்ந்து காலுறையைக் கழற்றினேன். உள்ளே துண்டுக்குப் பின்னால் காக்கடீல் விசிலடித்தது. அவர் என் மேலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் விசில் அடித்தார்.